பழைய வேட்டை ரைஃபிளின் பூர்வீகம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய வேட்டைத் துப்பாக்கிகளை வாங்குவது, அவற்றின் பூர்வீகத்தைச் சரிபார்ப்பது குறித்து நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் குடும்ப அடையாளங்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஜமீன் வழி வந்த ஒரு குடும்பத்தார் இரட்டைக் குழல் ரைஃபிள் ஒன்றை விற்க முன்வந்திருக்கிறார்கள். குழலில் .470 என்று பொறித்திருக்கிறது. "எங்கள் பாட்டனார் 1895இல் கல்கத்தாவில் வாங்கியது, காரையாற்றுக்கு மேலே புலி சுட்டது இதே துப்பாக்கியால்தான்" என்கிறார்கள். கேட்கிற விலை மிக அதிகம். விலைக்குச் சமாதானமாக ஒரு புலித்தோலையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். நான் எதையெதைப் பார்க்க வேண்டும்? — ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: புலித்தோலை முதலில் மறுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, முறையான உடைமைச் சான்று பெற்று வைத்திருப்பவர்கூட அத்தகைய பொருளை விற்கக் கூடாது. துப்பாக்கி விலைக்குள் அதை மறைத்துக் கொடுத்தாலும் அது விற்பனைதான். தோலை ஏற்றுக்கொண்டால், ரைஃபிளுக்கு எத்தனை சுத்தமான காகிதம் இருந்தாலும் வழக்கு உங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

அடுத்தது ஆண்டு. அவர்கள் சொல்லும் 1895ஆம் ஆண்டுக்கும் .470 என்ற குழல் அளவுக்கும் (காலிபர், அங்குலக் கணக்கில்) பொருந்தாது. அக்காலத்தில் பெருவிலங்கு வேட்டைக்கு .450 அளவுள்ள ரைஃபிள்களே பெருவழக்காக இருந்தன. படையினர் கையாண்ட மார்ட்டினி–ஹென்றி துப்பாக்கிகளும் ஏறத்தாழ அதே விட்டமுள்ள குண்டையே சுட்டதால், அவற்றைக் கைப்பற்றி வைத்திருந்த கிளர்ச்சிக்காரர்களுக்கு வேட்டைத் தோட்டாக்கள் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, பிரிட்டிஷ் அரசு .450 அளவு ரைஃபிள்கள் இந்தியாவுக்குள் வருவதைத் தடை செய்தது. அந்தத் தடையால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பத்தான் லண்டன், பர்மிங்காம் தயாரிப்பாளர்கள் புதிய அளவுகளைத் தேடினார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .465, ஜோசப் லாங்கின் .470 ஆகிய இரண்டும் 1907இல் வந்தவை. ஆகவே 1895இல் எவரும் .470 ரைஃபிள் வாங்கியிருக்க இயலாது. இதனால் துப்பாக்கி போலி என்று ஆகிவிடாது. அது மிக நல்ல ரைஃபிளாகவே இருக்கலாம். பாட்டனார் வாங்கிய ஆண்டைப் பேரன்மார் தவறாகச் சொல்லலாம், அல்லது பாட்டனாரின் மகன் வாங்கியதாக இருக்கலாம். ஆனால் ஆண்டு தவறாக இருக்கும் கதையில் புலி மட்டும் சரியாக இருக்கும் என்று எண்ணி, அந்தக் கதைக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதும் மிக முக்கியமானதுமான செய்தி, உரிமங்களின் தொடர்ச்சி. நிலம் வாங்கும்போது தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரை ஒரு கண்ணியும் விடாமல் பார்க்கிறோம் அல்லவா, இங்கும் அதே பார்வை வேண்டும். இன்று விற்பவரின் பெயரில் நடப்பில் உள்ள உரிமம் இருக்கிறதா, அந்த உரிமத்தில் ஒற்றை அடையாள எண் பதிவாகியிருக்கிறதா, உரிமத்தில் எழுதியுள்ள தயாரிப்பாளர் பெயரும் காலிபரும் வரிசை எண்ணும் துப்பாக்கியில் பொறித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்பவற்றை நீங்களே கண்ணால் கண்டு உறுதி செய்ய வேண்டும். வரிசை எண் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்: விசைக் காவலின் பின்வால், குழல்களின் அடிப்புறம், முன்கட்டையின் இரும்பு. மூன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். குழலில் ஓர் எண்ணும் அடித்தளத்தில் (குழலைப் பூட்டும் இயந்திரப் பகுதி) வேறோர் எண்ணும் இருந்தால், இரண்டு துப்பாக்கிகள் ஒன்றாகியிருக்கின்றன என்று பொருள்.

இன்றைய உரிமத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். தந்தை பெயரில் இருந்த பழைய உரிமப் புத்தகம், அதன் புதுப்பிப்பு முத்திரைகள், வாரிசு அடிப்படையில் மகனுக்கு மாற்றிய ஆணை ஆகியவற்றைக் கேளுங்கள். பலரும் பொருட்படுத்தாத ஒரு காகிதம் உண்டு. ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது கொடுக்கும் ஒப்புகைச் சீட்டில் எண்ணும் தேதியும் நிலையத்தின் முத்திரையும் இருக்கும். குடும்பத்துப் பெட்டியில் அத்தகைய சீட்டுகள் நாலைந்து தேர்தலுக்கு இருந்தால், அந்தத் துப்பாக்கி அத்தனை காலம் அந்த வீட்டில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. வாரிசு மைனராக இருந்த ஜமீன்கள் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு நிர்வாகத்தின் கீழ் வந்ததுண்டு. அப்படி நடந்த குடும்பமானால், அந்த நிர்வாகக் காலத்து அசையும் சொத்துப் பட்டியலில் துப்பாக்கி இடம் பெற்றிருக்கிறதா என்றும் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் காகிதங்கள் பல கைகளுக்குப் பிரிந்துவிட்டன. தேடுவதற்குப் பொறுமை வேண்டும்.

நமது மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பழைய திருநெல்வேலி மாவட்டம் 1986இல் ஒரு முறையும் 2019இல் ஒரு முறையும் பிரிந்தது. சங்கரன்கோவில் குடும்பத்தின் உரிமம் முன்பு திருநெல்வேலிப் பேரேட்டிலும் இப்போது தென்காசியிலும் இருக்கும். எட்டயபுரத்துக் குடும்பத்தின் உரிமம் தூத்துக்குடிக்குப் போயிருக்கும். எண் மாறியிருந்தால் பதற வேண்டாம். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே துப்பாக்கியைத்தான் குறிக்கின்றன என்று காட்டும் ஆணையை விற்பவர் பெற்றுத் தர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பணத்தைக் கொடுத்துத் துப்பாக்கியைக் காரில் ஏற்றிவிட முடியாது. உங்கள் உரிமத்தில் ரைஃபிள் வாங்க அனுமதி இருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, விற்பவர் மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ உங்கள் பெயர் முகவரியுடன் எழுத்தில் தெரிவித்து, அதன் பிறகு 45 நாட்களாவது கழிந்திருக்க வேண்டும். முன்பணம் கேட்டால், ஆவணங்களைச் சரிபார்த்த பிறகே தரப்படும் என்று எழுத்தில் வையுங்கள். அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் விலகி நிற்பது நல்லது. நூறாண்டு காத்திருந்த துப்பாக்கிக்கு 45 நாள் பெரிதல்ல.

கேள்வி: நான் பார்த்த ஒற்றைக் குழல் ரைஃபிளின் மேல்புறம் மதராஸ் கடை ஒன்றின் பெயர் அழகாக வெட்டப்பட்டிருக்கிறது. அடியில் மகுடத்தின் கீழ் பி.வி. என்றும் இன்னொரு மகுடத்தின் கீழ் என்.பி. என்றும் சிறு முத்திரைகள் இருக்கின்றன. இது மதராஸில் செய்த துப்பாக்கியா? முத்திரைகள் எதைச் சொல்கின்றன? — ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: மேல்புறத்தில் உள்ள பெயர் விற்ற கடையின் பெயராகத்தான் பெரும்பாலும் இருக்கும். மதராஸில் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸை நாம் கடிகாரத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். கல்கத்தாவில் மாண்டன், லயன் அண்ட் லயன், ரோடா ஆகிய கடைகள் இருந்தன. 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் மவுசர் பிஸ்டல்களைக் கடத்திக்கொண்டு போனது இந்த ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்துதான். இக்கடைகள் இங்கிலாந்தில் செய்வித்த துப்பாக்கிகளில் தங்கள் பெயரை வெட்டச் சொல்லி வரவழைத்து விற்றன. ஆகையால் கடையின் பெயரைக் கொண்டு விலை பேசாமல், அடிப்புறத்தைப் பாருங்கள்.

அடிப்புற முத்திரைகள் சோதனை முத்திரைகள். இங்கிலாந்தில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கிக் குழலையும் வழக்கத்தை விட மிகுந்த அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் மட்டும் முத்திரை இடுவார்கள். இதற்கு லண்டனில் ஒரு சோதனைச் சாலையும், 1813ஆம் ஆண்டின் சட்டப்படி பர்மிங்காமில் ஒரு சோதனைச் சாலையும் ஏற்பட்டன. 1904க்கு முன் பர்மிங்காம் முத்திரையில் குறுக்காக அமைந்த இரு செங்கோல்கள் இருக்கும். 1904 முதல் மகுடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்ற எழுத்துகள் வந்தன. மகுடத்தின் கீழ் என்.பி. என்பது புகையற்ற வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டதைக் காட்டும் பர்மிங்காம் குறி. லண்டனில் அதே குறிக்கு மேல் வாளேந்திய ஒரு கை இருக்கும். ஆக, உங்கள் ரைஃபிளின் குழல் 1904ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பர்மிங்காமில் சோதிக்கப்பட்டது என்று தெளிவாகச் சொல்லலாம். பழைய செங்கோல் முத்திரையும் புதிய என்.பி. முத்திரையும் ஒரே குழலில் சேர்ந்திருந்தால், கரிமருந்துக் (புகை எழுப்பும் பழைய வெடிமருந்து) காலத்துத் துப்பாக்கியைப் பிற்காலத்தில் மீண்டும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும்.

1921 முதல் பர்மிங்காம் சாலை, சோதித்த ஆண்டைக் குறிக்கும் சங்கேத எழுத்து ஒன்றையும் இட்டு வந்தது. அது மிகச் சிறியது. பூதக்கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் இல்லாமல் தெரியாது. ஜெர்மன் ரைஃபிள்களில் வேலை இன்னும் எளிது: மகுடத்தோடு கூடிய என்., ஜி., யு. போன்ற எழுத்துகளுக்கு அருகில் மாதமும் ஆண்டும் எண்ணிலேயே இருப்பதுண்டு, 3.28 என்றிருந்தால் 1928 மார்ச். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் அது பெல்ஜியத்தின் லீஜ் நகரம். மேலே லண்டன் முகவரி, கீழே லீஜ் முத்திரை என்றால் பூர்வீகம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மேலே லண்டன் முகவரியும் கீழே ஜெர்மன், ஆங்கில முத்திரைகள் இரண்டும் இருந்தால் மட்டும் அவசரப்பட்டுப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். லண்டன் கம்பெனிகள் பல, ஓபர்ண்டார்ஃப் மவுசர் ஆலையின் அடித்தளத்தை வாங்கித் தங்கள் ரைஃபிள்களைக் கட்டின.

முகவரியும் காலத்தைச் சொல்லும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பல்லாண்டுகள் 98, நியூ பாண்ட் தெருவில் இருந்து, 1960இல் புரூட்டன் தெருவுக்கு மாறியது. புரூட்டன் தெரு முகவரி வெட்டிய குழலோடு "வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி" என்று யாராவது வந்தால், குழல் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

கேள்வி: வெள்ளித் தகடு பதித்த ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தகட்டில் ஒரு சின்னமும் 1911 டெல்லி தர்பார் என்ற எழுத்தும் உள்ளன. லண்டன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் முதலில் யார் வாங்கினார் என்று சொல்வார்களா? — ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பழைய பெரிய கம்பெனிகள் தயாரிப்புப் பேரேடுகளைக் காத்து வருகின்றன. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்றவற்றுக்கு வரிசை எண்ணை எழுதிக் கட்டணமும் செலுத்தினால், பேரேட்டில் உள்ளதைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். செய்து முடித்த ஆண்டு, காலிபர், குழலின் நீளம், யாருடைய பெயரில் ஆர்டர் வந்தது என்பவை அதில் இருக்கும். அமெரிக்க வின்செஸ்டர் ரைஃபிள்களில் பழையவற்றின் பதிவுகள் வயோமிங் மாநிலத்து கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. ஜெர்மன் மவுசருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டது; இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஆலையின் பதிவுகள் பெரிதும் சிதைந்துவிட்டன.

பேரேட்டுக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடிதத்தில் உள்ள குழல் நீளமும் காலிபரும் உங்கள் கையில் உள்ள ரைஃபிளோடு ஒத்துப்போகிறதா என்பதை முதலில் பாருங்கள். பேரேட்டில் 26 அங்குலம், கையில் 24 அங்குலம் என்றால் குழலை வெட்டியிருக்கிறார்கள் அல்லது மாற்றியிருக்கிறார்கள். வாங்கியவர் பெயருக்கு நேராகப் பெரும்பாலும் கல்கத்தாக் கடையின் பெயர்தான் இருக்கும். ரைஃபிள் லண்டனை விட்டு எங்கே போனது என்பதைப் பேரேடு சொல்லும். அந்தக் கடையிலிருந்து எந்த அரண்மனைக்குப் போனது என்பதை நமது ஊர்க் காகிதங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகையால் லண்டன் கடிதமும் உரிமத் தொடர்ச்சியும் ஒன்றையொன்று இட்டு நிரப்ப வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

வெள்ளித் தகட்டைப் பொறுத்தவரை, அதைப் பதித்த நாளும் துப்பாக்கி செய்த நாளும் வேறாக இருக்கலாம். பஜாரில் தகடு வெட்டித் தரும் கைத்திறனுக்கு நம் நாட்டில் என்றும் குறைவிருந்ததில்லை. தகடு எப்போது நம்பத் தக்கதாகிறது என்பதற்கு ஜிம் கார்பெட்டின் ரிக்பி ரைஃபிளே நல்ல எடுத்துக்காட்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் அதை அவருக்குப் பரிசளித்ததாகத் தகட்டில் எழுத்து உள்ளது. அந்தப் புலியும் ஆளுநரும் பரிசும் தகட்டுக்கு வெளியேயும் வரலாற்றில் இருக்கின்றன; ரைஃபிள் கார்பெட்டுக்குப் பிறகு அவருடைய பதிப்பகத்தாரிடம் போனதும், 2015இல் ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கியதும் தெரிந்த செய்திகள். இடையில் எங்கும் இருட்டு இல்லை. உங்கள் தகட்டுக்கு இப்படிப்பட்ட வெளிச்சான்று வேண்டும்: 1911இல் அந்தக் குடும்பத்தார் தர்பாருக்குப் போனார்களா, அந்தச் சின்னம் அக்குடும்பத்தின் கடிதத் தாளிலோ முத்திரையிலோ இருக்கிறதா, ரைஃபிளின் பேரேட்டு ஆண்டு 1911க்கு முந்தியதா என்று பாருங்கள். சுவரில் தொங்கும் வேட்டைப் படங்களில் ரைஃபிளின் வகை தெரியும், எண் தெரியாது. ஆகவே படத்தைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் துணி சுற்றிய ரைஃபிள் ஒன்றும் குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் கிடைத்தன. உரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. நூறு வயதான துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கி கட்டபொம்மன் காலத்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். விற்கலாமா? — ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: இன்றே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, எழுத்துபூர்வமான கடிதத்தோடு இரண்டையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். உரிமம் உள்ளவர் இறந்த பின் அல்லது உரிமம் முடிந்த பின் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்பது ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. "எங்களுக்கே தெரியாது" என்ற விடை, கண்டெடுத்த நாளோடு செல்லாமல் போகிறது. ஒப்படைத்த பிறகு வாரிசு அடிப்படையில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டியிருக்கும். அதே 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, பரம்பரையாக வந்தவையும் இந்த இரண்டுக்குள் அடக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நூறு வயது என்ற பேச்சு பாதி உண்மை. சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாத நிலையில் அது இருக்க வேண்டும். நூற்றுப் பத்து வயதான ரைஃபிள் இன்றும் சுடும் என்றால் அதற்கு உரிமம் வேண்டும். சுடாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளவும் கூடாது. அந்த முடிவு அதிகாரியுடையது.

கட்டபொம்மன் காலம் என்ற பேச்சைப் பற்றி: பாளையக்காரர் போர் முடிந்தவுடன், 1801 டிசம்பர் 1ஆம் தேதியிட்ட கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பிரகடனம் தென்பாண்டிச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்து, இருந்தவற்றைப் பறித்தது. அதில் தப்பிய துப்பாக்கி ஒன்றிரண்டு இருக்கக் கூடும். அப்படியானால் அது திரி வைத்தோ சக்கிமுக்கிக் கல்லாலோ பற்றவைப்பதாக இருக்க வேண்டும். உங்கள் நாட்டுத் துப்பாக்கியில் குதிரை (சுத்தியல் போன்ற உறுப்பு) வந்து அடிக்கும் இடத்தில் தொப்பி (அடித்தால் வெடிக்கும் சிறு மூடி) மாட்டும் சிறு முளை இருந்தால், அது 19ஆம் நூற்றாண்டின் நுட்பம், கட்டபொம்மனுக்குப் பிந்தியது.

கேள்வி: விக்கிரமசிங்கபுரத்தில் குடியிருக்கிறேன். புதிதாக உரிமம் கேட்டபோது வனத்துறையின் இசைவு வேண்டும் என்கிறார்கள். வேட்டையாட அல்ல, பழம்பொருள் ஆர்வத்துக்காகவே கேட்கிறேன். இது சரியா? — ஒரு வாசகர்

பதில்: சரிதான். வனவுயிர்ச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சரணாலயத்தின் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் முன் இசைவின்றிப் புதிய ஆயுத உரிமம் வழங்கக் கூடாது. களக்காடு–முண்டந்துறை உங்கள் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தையும் கங்கைகொண்டான் மான்கள் சரணாலயத்தையும் சேர்த்துப் பார்த்தால், மலையடிவாரத்தில் இல்லாத ஊர்கள் பலவும் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. இசைவு கிடைத்து உரிமம் பெற்றாலும், எழுத்துபூர்வமான அனுமதியின்றித் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினாலும் சுடும் உரிமை உங்கள் லைசென்ஸில் இல்லை.

கேள்வி: பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனி) செய்த .303 வேட்டை ரைஃபிள் ஒன்று மலிவாக வருகிறது. இன்னொருவர் .470 வைத்திருக்கிறார். எதை வாங்குவது? தோட்டா கிடைக்குமா? — ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: .303 படைத் தோட்டாவின் அளவு என்பதால் அது தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. வேட்டைக்கென்று செய்த அழகிய ரைஃபிளாக இருந்தாலும் சாதாரண உரிமத்தில் வைத்திருக்க முடியாது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் தண்டனை ஏழாண்டிலிருந்து தொடங்குகிறது. மலிவாக வருவதன் காரணம் அதுவே. பொதுமக்களுக்கென்று மேற்கு வங்கத்து இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை .315 செய்ததற்கும் காரணம் இதே தடைதான்.

.470 விஷயத்தில் குழலின் அடியில் கார்டைட் (ஒரு புகையற்ற வெடிமருந்து) 75–500 என்பது போன்ற எழுத்து இருக்கும். 75 கிரெயின் மருந்தும் 500 கிரெயின் குண்டும் அதன் மேல்வரம்பு என்பது அதன் பொருள். கரிமருந்துக்கு மட்டும் சோதித்த பழைய எக்ஸ்பிரஸ் ரைஃபிள்களில் இத்தகைய எழுத்தோ புகையற்ற மருந்துக்கான முத்திரையோ இராது; அவற்றில் இக்காலத் தோட்டாவைப் போட்டால் குழல் பிளக்கும், கையும் போகும். காலிபரின் எண் மட்டும் ஒத்திருந்தால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. .375 என்ற ஒரே எண்ணில் நீளமும் அமைப்பும் வேறான தோட்டாக்கள் பல உள்ளன. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர், தோட்டா அமரும் அறையை அளந்து எழுதித் தந்த பிறகே எதையும் செய்யுங்கள். இந்த அளவுகளுக்கு இங்கே தோட்டா கிடைப்பது அரிது. தனியார் இறக்குமதி 1980களின் நடுப்பகுதியிலிருந்தே அடைபட்டிருக்கிறது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் நம் நாட்டில் வெளிநாட்டு விலையைவிடப் பல மடங்கு விலைபோவதற்கும் அதுவே காரணம்.

கேள்வி: வாங்கிய ரைஃபிளில் துரு ஏறியிருக்கிறது. பட்டறையில் கொடுத்துப் பாலிஷ் போட்டுப் புதிதாக்கலாமா? — ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: வேண்டாம். பட்டறைச் சக்கரம் முதலில் தின்பது சோதனை முத்திரைகளையும் வரிசை எண்ணையும்தான். எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி குற்றம். எண்ணில்லாத துப்பாக்கியை விற்கவும் முடியாது. பழைய நிறம் உதிர்ந்த குழலைவிட, புதிதாகக் கறுப்பேற்றிய குழலுக்குச் சேகரிப்பாளர்கள் குறைந்த விலையே தருவார்கள். துப்பாக்கி எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியால் துடைத்து, மழைக்காலத்தில் தோல் உறைக்குள் போட்டு வைக்காமல் காற்றோட்டமான பூட்டுப் பெட்டியில் வையுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிக் குழலின் மேலேயே வைத்திருக்கும். துரு ஆழமாக இறங்கியிருந்தால், வேலைக்குக் கொடுக்கும் முன் எல்லா முத்திரைகளையும் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்துத் தேதியிட்டு வைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ரசீதோடு கொடுங்கள்.